கல்குட்டை காவு வாங்குமா?

தாம்பரத்தைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குக் கல்குட்டைக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திரிசூலம், பம்மல், பல்லாவரம், நன்மங்கலம், எருமையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கும். அதைப் பற்றிப் பேய்க்கதை ஒன்றும் இருக்கும். "அந்தக் குட்டை காவு கேட்கும்" என்பார்கள். குளிக்கப் போனவன் காலை ஏதோ பிடித்து இழுத்தது, கூட இருந்தவர்களுக்கு ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை, காப்பாற்றக் குதித்தவனும் போய்விட்டான், தேடியபோது கிடைக்காத உடல் மூன்றாம் நாள் தானாக வந்து மிதந்தது, இரவில் அங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ பதில் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர் ஆள் மாறும். கதையின் உறுப்புகள் மட்டும் மாறுவதே இல்லை.

அந்த மாறாத தன்மைதான் என்னை இந்தக் கதைகள் பக்கம் இழுத்தது. வெறும் கட்டுக்கதை என்றால் சொல்பவரின் கற்பனைக்கு ஏற்ப அது திசைக்கொன்றாகப் போயிருக்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத குவாரிகளில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே செய்தியைச் சொல்கிறார்கள் என்றால், அவர்கள் எதையோ சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பார்த்தது உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு.

முதலில் அந்தக் கல். தென்சென்னையின் குன்றுகள் பரங்கிமலையிலிருந்து பல்லாவரம், திரிசூலம் வழியாக வண்டலூர் வரை நீள்கின்றன. கருநீலமும் சாம்பலும் கலந்த இந்தக் கருங்கல்லுக்கு அறிவியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் 1690களில் இறந்தபோது அவர் கல்லறையில் பதித்த கல் இந்த வகைதான். அந்தக் கல்லைப் பார்த்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளை ஆராய்ந்து சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். 1900இல் வந்த ஹாலந்தின் ஆய்வறிக்கைக்குப் பிறகு உலகம் முழுக்க இந்த வகைப் பாறைக்குப் பல்லாவரம்தான் மூல ஊர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்தப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில், பல நூறு டிகிரி வெப்பத்தில் வெந்து இறுகிய கல்.

இங்கே மனிதன் கல்லைத் தேடி வந்ததும் நேற்று இன்று அல்ல. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டது பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டிய ஒரு பள்ளத்தில்தான். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்தில் இதே ஊர்ப் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தார்கள். பிறகு ரயில் பாதைக்கு ஜல்லி, துறைமுகத்துக்குப் பாறை, அடுக்குமாடிகளுக்கு ஜல்லி என்று நகரம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெயிலில் சுத்தியலோடு உட்கார்ந்து கல் உடைத்த குடும்பங்கள் குவாரி ஓரத்திலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. குன்று இருந்த இடம் குழி ஆயிற்று. குத்தகை முடிந்தது, கிரஷர் நின்றது, கம்ப்ரஸரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மழை வந்து குழியை நிரப்பியது. பேய்க்கதை பிறந்தது அதற்குப் பிறகுதான்.

ஏரிக்கு இல்லாத பேய் குவாரிக்கு ஏன் வந்தது? விடை குழியின் வடிவத்தில் இருக்கிறது. ஏரிக்குக் கரை உண்டு. இறங்க இறங்கக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழம் படிப்படியாக ஏறும். உடம்புக்கு எச்சரிக்கை கிடைக்கும். குவாரி அப்படி வெட்டப்படுவதில்லை. பாறையில் வரிசையாகத் துளை போட்டு, வெடி வைத்து, செங்குத்தாகப் பிளந்து எடுப்பார்கள். ஒரு தட்டு, அதற்குக் கீழே செங்குத்துச் சுவர், மறுபடி ஒரு தட்டு என்று மாபெரும் படிக்கட்டாக அது கீழே போகும். கடினப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதி. விதியை ஒழுங்காகப் பின்பற்றிய குவாரியிலேயே ஒரு படி என்பது இரண்டு மாடி உயரம்.

இப்போது தண்ணீர் நிரம்பிய குழியில் ஒரு பையன் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் நிற்பது மேல் தட்டில். தண்ணீர் முழங்கால்வரைதான். கீழே பாசி படிந்த வழவழப்பான கல். நண்பர்கள் மேலே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு அடி எடுத்து வைக்கிறான், ஐந்தாவது அடிக்குத் தரை இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றவன் ஒரு நொடியில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு மேலே தொங்குகிறான். மேலிருந்து பார்ப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? "நின்னுக்கிட்டு இருந்தான், அப்படியே கீழ இழுத்துக்கிச்சு." அவன் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறான்.

தண்ணீர் தெளிவாக இருப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. வண்டல் வந்து சேர வழியில்லாததால் குவாரித் தண்ணீர் பல நேரம் பச்சைக் கண்ணாடிபோலத் தெளிந்து கிடக்கும். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், நேர் மேலிருந்து பார்க்கும்போது எந்த ஆழமும் முக்கால் பங்காகத்தான் தெரியும். 4 மீட்டர் ஆழம் 3 மீட்டராகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரிந்துவிட்டது என்று நம்பித்தான் காலை விடுகிறார்கள்.

அடுத்தது, கதையில் காலைப் பிடித்து இழுக்கும் அந்தக் கை. வெயில் காலத்தில் குழியின் மேல் தண்ணீர் சூடாகி, லேசாகி, மேலேயே தங்கிவிடும். சுற்றிலும் சுவர் இருப்பதால் காற்று அதை அதிகம் கலக்குவதில்லை. சில மீட்டருக்குக் கீழே குளிர்ந்த, கனமான தண்ணீர் தனி அடுக்காகக் கிடக்கும். அந்த எல்லையில் காலை விட்டால், மார்பு வெதுவெதுப்பில் இருக்கும்போதே பாதத்தை மட்டும் ஜில்லென்று ஏதோ தொடும். மேலை நாட்டு நூல்கள் இத்தகைய சாவுகளுக்குக் குளிர் அதிர்ச்சியைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அதாவது திடீர்க் குளிரில் மூச்சு தன்னையறியாமல் உள்ளே இழுக்கப்பட்டுத் தண்ணீர் போய்விடுவது. அது பெரும்பாலும் 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரின் கதை. சென்னைத் தண்ணீர் அவ்வளவு குளிர்வதில்லை. அந்த விளக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுவது சரியல்ல. இங்கே குளிர் அடுக்கு செய்வது பயமுறுத்துவது மட்டும். ஆனால் நீந்தத் தெரியாதவனுக்கு அந்தப் பயமே போதும்.

ஏனென்றால் மிதப்பதும் மூழ்குவதும் நுரையீரலின் கையில் இருக்கிறது. மூச்சை முழுதாக இழுத்து வைத்திருக்கும் மனித உடல் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு, மூச்சை விட்டுவிட்டால் கொஞ்சம் கனம். இரண்டுக்கும் நடுவே சில லிட்டர் காற்றுதான் வித்தியாசம். பயந்து கத்தினால் அந்தக் காற்று போய்விடும். காற்று இருப்பது மார்பில், எலும்பும் தசையும் கனப்பது காலில். அதனால் சும்மா கிடந்தாலே கால் கீழே போய் உடல் நிமிர்ந்து நிற்கும். அந்த உணர்வுக்குக் காலைப் பிடித்து இழுப்பது என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. உதவிக்குக் கையைத் தூக்கினாலோ நிலைமை இன்னும் மோசம். 60 கிலோ ஆளின் ஒரு கை சுமார் 3 கிலோ. தண்ணீருக்குள் இருக்கும்வரை அதைத் தண்ணீர் தாங்கும். வெளியே தூக்கினால் அந்த எடை முழுவதும் தலையை உள்ளே அழுத்தும். கடலில் குளித்துப் பழகியவர்களும் இங்கே ஏமாறுகிறார்கள். உப்புத் தண்ணீர் லிட்டருக்கு 25 கிராம்வரை அதிகக் கனம், அந்த அளவுக்கு அது உடலைத் தாங்கும். குவாரியில் அந்தத் தாங்கல் இல்லை.

சத்தம் ஏன் கேட்பதில்லை? நியூயார்க்கில் கடற்கரைக் காவலராக இருந்த ஃபிராங்க் பியா, நிஜமாகவே மூழ்கிக்கொண்டிருந்தவர்களைப் படம் பிடித்து 1970களில் ஆராய்ந்தார். சினிமாவில் வருவதுபோல அவர்கள் கத்தவில்லை, கையசைக்கவில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணம் மூச்சு வாங்கவே போதவில்லை, பேச எங்கே போவது? கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தன. இதெல்லாம் 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் விளையாடுகிறான் என்றே நினைப்பார்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவதற்கும் இதுதான் அடிப்படை. மூழ்குபவருக்கு அந்த நேரத்தில் அப்பா, அண்ணன், நண்பன் என்ற பேதமில்லை. கைக்கு எட்டியதைப் பிடித்து மேலே ஏறுவது ஒன்றே உடலுக்குத் தெரியும். பேய் ஜோடியாகக் காவு வாங்குகிறது என்று ஊர் சொல்வது, அன்பினால் குதித்தவர்களின் கணக்கு.

அப்படியே ஏறி வந்தாலும் பிடிக்க ஒன்றும் இருக்காது. கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால், இறங்கிய தட்டு தலைக்கு மேலே இருக்கும். சுற்றிலும் பாசி பிடித்த செங்குத்துச் சுவர். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூடச் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வந்து களைத்துப்போகலாம்.

மூன்றாம் நாள் மிதப்பதைப் பற்றி இரண்டொரு வரி போதும். மூழ்கிய உடலில் நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்கும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாளில் அந்த வாயு உடலை மேலே தூக்கிவிடும். ஆழமான குழியில் அடித் தண்ணீர் குளிர்ந்திருப்பதால் வாயு மெதுவாக உண்டாகும். மேலும் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு, வாயுவின் கன அளவு நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதனால் நாட்கள் தள்ளிப்போகும், சில நேரம் வராமலே போகும். தீயணைப்பு வீரர்களும் முத்துக்குளிக்கும் பழக்கமுள்ளவர்களும் இறங்கித் தேடுவது இதனால்தான். குட்டை வைத்துக்கொண்டது, பிறகு விட்டுவிட்டது என்று அந்தக் குடும்பத்திடம் சொல்லாதீர்கள். அது அவர்களுக்கு ஆறுதல் தராது.

இனி இரவுக் குரல்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். எதிர்ச் சுவர் 70 மீட்டர் தள்ளி இருந்தால், கூப்பிட்ட குரல் 0.4 நொடியில் திரும்பி வரும். ஒரு சொல்லைச் சொல்லி முடித்து வாயை மூடும் நேரம் அது. மூன்று நான்கு சுவர்கள் வெவ்வேறு தூரத்தில் இருந்தால் மூன்று நான்கு பேர் அடுத்தடுத்துப் பதில் சொல்வதுபோல இருக்கும். இரவில் குளிர்ந்த காற்று குழிக்குள் தங்க, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். மேலே தப்பிப்போக வேண்டிய ஒலி அந்த அடுக்கில் வளைந்து கீழேயே இறங்கும். பகலில் கேட்காத தாம்பரம் யார்டு ரயிலோசையும் ஜி.எஸ்.டி. சாலை லாரி ஹாரனும் நடுநிசியில் தெளிவாகக் கேட்பது இதனால்தான். மூலம் தெரியாமல், சுவரில் பட்டு உருமாறி வந்தால் அது முனகலாகக் கேட்கும்.

உயிருள்ள குரலும் ஒன்று உண்டு. மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் ஒரு பழைய குவாரி இருக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு அது புகழ்பெற்ற இடம், காரணம் அங்கே வாழும் கொம்பன் ஆந்தை. காதுபோல நிமிர்ந்த இரண்டு இறகுக் கொத்துகள், ஆரஞ்சு நிறப் பெரிய கண்கள், அரை மீட்டருக்கு மேல் உயரம். மரத்தில் கூடு கட்டாது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் முட்டையிடும். குவாரிக்காரர்கள் வெட்டிவிட்டுப் போன தட்டுகள் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடுபோல அமைந்துவிட்டன. பொழுது சாயும்போது உயரமான கல்லில் உட்கார்ந்து ஆண் ஆந்தை அடிவயிற்றிலிருந்து 'பூ... போ...' என்று கூப்பிடும். அந்தத் தாழ்ந்த ஒலி நெடுந்தூரம் போகும், பாறைச் சுவர் அதைப் பெரிதாக்கும். பறக்கும்போதோ இறகோரத்துச் சீப்பு போன்ற அமைப்பால் சத்தமே வராது. எலிகளைத் தின்று ஊருக்கு நன்மை செய்யும் பறவை இது. பேய்க்குரல் என்று பயந்து கல்லெறிபவர்கள் ஒருமுறை பைனாகுலரில் அதைப் பார்க்க வேண்டும்.

பாறையே சத்தமிடுவதும் உண்டு. இதைச் சொல்லும்போது கோலார் தங்கவயலை நினைக்காமல் இருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் உழைத்த ஊர், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட ஊர். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அங்கே வேலைக்கு வந்த ஆங்கிலேயத் தொழிலாளிகளில் பலர் கார்ன்வால் பகுதிக்காரர்கள். சுரங்கச் சுவருக்குள் குட்டிச்சாத்தான்கள் தட்டிக்கொண்டே இருக்கும், தட்டல் கூடினால் சரிவு வரும் என்பது கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களின் பழைய நம்பிக்கை. 1930களின் இறுதியில் அமெரிக்கச் சுரங்கத் துறையின் லெனார்டு ஓபர்ட் பாறைக்குள் கருவி வைத்துக் கேட்டபோது, அழுத்தத்தில் இருக்கும் பாறை நுண்ணிய விரிசல்களால் உண்மையிலேயே சத்தமிடுகிறது என்று தெரிந்தது. உடையப்போகும்போது சத்தம் கூடுகிறது. பாறை வெடிப்புக்குப் பேர்போன கோலாரில் பின்னாளில் நிலநடுக்கக் கருவிகளை வலைபோல் விரித்து இதே தட்டலைத்தான் கேட்டார்கள். சுரங்கம் மூடித் தண்ணீர் நிரம்பிய பிறகும் அங்கே நில அதிர்வுகள் நிற்கவில்லை. சாத்தான் என்று சொன்னவர்களின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

பல்லாவரத்துக் குழிகளில் அந்த அளவு அழுத்தம் இல்லை. ஆனால் மேலே இருந்த கனம் போனதும் பாறை ஏடு ஏடாகப் பிரியத் தொடங்கும். பகல் வெயிலில் ஏடு விரியும், இரவில் சுருங்கும். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஒரு பாறை ஏட்டை ஆண்டுக்கணக்கில் அளந்த பிரையன் காலின்ஸும் கிரெக் ஸ்டாக்கும், அது தினமும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் திறந்து மூடுகிறது என்று 2016இல் எழுதினார்கள். அப்படி அசைந்து அசைந்து ஒருநாள் ஏடு பெயர்ந்து விழும். ஆளில்லாத குவாரியில் இரவில் 'படார்' என்று கல் விழுந்தால், அதைக் கேட்டவர் அங்கிருந்து விலகுவதே புத்திசாலித்தனம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கதையை நம்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வேலி இல்லாத இடத்தில் அந்தக் கதைதான் பல ஆண்டுகள் வேலியாக இருந்திருக்கிறது. பாட்டி சொன்ன காவுக் கதை எத்தனையோ பிள்ளைகளைக் குட்டைப் பக்கம் போகவிடாமல் வைத்திருக்கும். ஆனால் பதினெட்டு வயதுப் பையன்களை அது தடுப்பதில்லை. பேய் இருக்கிறது என்றாலே பார்த்துவிடலாம் என்று கிளம்பும் வயது அது. இன்னொரு கெடுதலும் அதில் இருக்கிறது. பழியைப் பேய்மேல் போட்டுவிட்டால், குழியை வெட்டிக் காசாக்கிவிட்டு மூடாமல் போனவரை யாரும் கேட்பதில்லை. கைவிடப்படும் சுரங்கத்துக்கு வேலி போட வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அந்த வேலி எங்கே என்று கேட்க வேண்டிய ஊர், பரிகாரம் செய்துவிட்டுக் கலைந்துபோகிறது.

இந்தக் குழிகள் வெறும் ஆபத்தும் அல்ல. 2017 வறட்சியில் மாங்காட்டுக்குப் பக்கத்துச் சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்து நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் தண்ணீரை எடுத்துச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 2019இலும் அந்தக் குவாரிகள் கைகொடுத்தன. ஏரிகள் வற்றியபோது நகரம் குடித்தது இந்தக் காவுக் குட்டைகளின் தண்ணீரைத்தான். நீர்நிலை என்று ஏற்றுக்கொண்டால் அதற்குரிய காவலும் வேண்டும். பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் எல்லாம் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு குழிக்கும் கம்பி வேலி, ஆழத்தை எண்ணில் எழுதிய பலகை, மேல் தட்டில் கட்டிய கயிறும் மிதவையும் என்று கேட்க வேண்டியவர்கள் அந்தந்த வார்டு மக்கள்தான். பள்ளிக்கூடங்களில் நீச்சல் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதுவரை இதையாவது நினைவில் வையுங்கள். ஒருவர் மூழ்கினால் குதிக்காதீர்கள். புடவையோ வேட்டியோ கயிறோ, படுத்துக்கொண்டு வீசுங்கள். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன் கிட்டத்தட்ட 20 கிலோவைத் தாங்கும், ஒரு தலையின் எடை 5 கிலோதான், அதைத் தூக்கிப் போடுங்கள். கரைக்கு வந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்றைக் கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கூட இருப்பவர் 108க்கோ 112க்கோ அழைக்கட்டும்.